வாக்கிழந்த மக்களும் வழிவழித் தலைமையும்

நமது சங்க மண்டபத்தின் சுவரிலே, சரஸ்வதி படத்துக்குச் சற்றுத் தள்ளி, அமரர் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களின் படமொன்று பல்லாண்டுகளாகத் தொங்கி வந்திருக்கிறது. சென்ற முறை சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்காகப் படங்கள் யாவும் இறக்கப்பட்டபோது, இதனை மீண்டும் மாட்டத்தான் வேண்டுமா என்று வாலிப அங்கத்தவர் ஒருவர் கேட்டார். "ஒரு குடும்பத்தாரின் படத்தை நம்முடைய மண்டபம் ஏன் சுமக்க வேண்டும்?" என்பது அவருடைய வினா. அப்பொழுது அங்கிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, அந்த மனுசன் இல்லாட்டி ஒனக்கு ஐடென்டி கார்ட் ஏது?" என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் வெளியேறிவிட்டார். அன்று மாலை முழுவதும் மண்டபத்திலே வேறு பேச்சு எழவில்லை. படமும் சில நாட்கள் மேசைமீதே கிடந்தது.

இருவரும் நம்மவர், இருவரும் வீணுக்குப் பேசுபவரல்லர். வாலிபர் கேட்டது நியாயமான கேள்வி. முதியவர் சொன்னது உண்மையான விடை. ஆயினும் அக்கேள்விக்கு இது விடையாகவில்லை. எவ்வாறு ஒரு மனிதரின் தொண்டு ஒரு குடும்பத்தின் தலைமையாக மாறியது என்பதை வரலாற்றிலே தேடினாலன்றி இவ்வழக்குத் தீராது என எண்ணினேன். மலர்க்குழுவினரும் இதையே எழுதுமாறு பணித்தமையால், கற்றறிந்த மட்டில் இங்கே எழுதத் துணிகின்றேன்.

பிறப்பும் வளர்ப்பும்

நமது எல்லயையும் தெமோதரையையும் கடந்து பதுளை வரை செல்லும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1924ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டிலே, தென்னிந்தியாவின் இராமநாதபுரச் சீமையிலுள்ள முனாப்புதூர் என்னும் சிற்றூரிலிருந்து பதினொரு வயதுச் சிறுவனொருவன் கடல் கடந்து இலங்கைக்கு வந்து, இறம்பொடையில் வாழ்ந்த தன் தந்தையாரை அடைந்தான். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30ஆம் நாள் பிறந்த அச்சிறுவனே பிற்காலத்தில் 'ஐயா' என மலைநாடு முழுவதும் அழைத்த சௌமியமூர்த்தி தொண்டமான்.

தந்தையார் கருப்பையா, தோட்டத் தொழிலாளியாக இந்நாட்டுக்கு வந்து, கங்காணியாக உயர்ந்து, ஈற்றில் இறம்பொடையிலுள்ள வேவண்டன் என்னும் தேயிலைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். கூலியாக வந்த ஒருவர் தோட்டமொன்றுக்கு உடைமையாளராவது அக்காலத்தில் எளிதிற் காணக்கூடியதன்று. தொழிலாளருக்குத் தலைவரானவர் தோட்டச் சொந்தக்காரரின் மைந்தர் என்பதைக் குறையாகச் சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆனால் அதன் மறுபுறத்தையும் நாம் நோக்க வேண்டும். அந்நாளில் தோட்டத்திலே தொழிற்சங்கம் அமைக்க முன்வந்த தொழிலாளி தன் வேலையை மட்டும் இழப்பதில்லை. வேலையோடு லயத்துக் காம்பிராவையும் இழந்து, பெண்டு பிள்ளைகளோடு வீதிக்கு வரவேண்டும். வெளியிலிருந்து வரும் சங்கத்தவரோ, தோட்டத்து எல்லைக்குள் காலடி வைத்தாலே அத்துமீறிய குற்றத்துக்கு ஆளாவர். ஆகவே, தோட்டத் துரை பறிக்க முடியாத சோறும் கூரையும் உடையவர்களே முதலில் தலைமை தாங்கக்கூடியவராயினர். கங்காணிமாரின் புதல்வர்களும், கடைக்காரரும், பத்திரிகையாளரும், ஆசிரியர்களும் முன்வரிசையில் நின்றமைக்கு இதுவே காரணம். இதனை மனத்திற் கொள்ளாது பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்வது அரிது.

வாலிபப் பருவத்தில் அவர் கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியிற் பயின்றார். மிஷன் பாடசாலையிற் படித்தவனாகிய எனக்கு இச்செய்தியைப் படித்தபோது சிறிது மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை ஒளிக்க விரும்பவில்லை. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்து, கதர் நிதிக்காக ஊரூராகச் சென்று பேசினார். நமது பதுளைக்கும் அவர் வந்தார். அண்ணலின் வருகை தொண்டமானின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் கைக்கொண்ட போராட்ட முறைகளை நோக்குமிடத்து, அப்பதிவு அழியவில்லை என்பது விளங்கும்.

தொண்டமானுக்கு முன்னர்

மலையகத்தின் விழிப்பு ஒருவராலேயே உண்டானதென்று எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் வந்த அரசாங்க சபையிலே ஹட்டன் பிரதிநிதியாகிய பெரி. சுந்தரம் தொழில் மந்திரியாக விளங்கினார். கோ. நடேசய்யர் அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டந்தோறும் பாடியும் பேசியும் மக்களைத் திரட்டினார்.

1939ஆம் ஆண்டிலே, அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலைபார்த்த இந்தியர்களை நீக்க இலங்கை மந்திரிமார் முடிவுசெய்தனர். அதுபற்றிப் பேசுதற்கு வந்த பண்டித ஜவாகர்லால் நேருவின் ஆலோசனையினால், அவ்வாண்டு யூலை 25ஆம் நாள் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. இளைஞர் தொண்டமான் அதன் கம்பளைக் கிளைக்குத் தலைவரானார். 1940ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதே ஆண்டு நமது பதுளையை அடுத்த வெவஸ்ஸ தோட்டத்திலே, சமசமாசக் கட்சியின் தொழிற்சங்கத்தைச் சார்ந்த தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். தாங்களே தெரிந்தெடுத்த குழுவொன்றை அமைத்து, தோட்டத் துரை அக்குழுவைக் கலந்தே காரியம் செய்யும் நிலையை உண்டாக்கினர். ஊவாவின் லயங்களிலே தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அன்றே இருந்தது என்பதற்கு வெவஸ்ஸ சான்று பகர்கின்றது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கட்டுரையின் ஈற்றில் மீண்டும் இதற்கு வருவோம்.

1945ஆம் ஆண்டில் தொண்டமான் இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைவரானார். 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் அவர் வெற்றிபெற்றார். தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையில் கே. குமாரவேலுவும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் தெரிவாயினர். இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிருந்த பதுளை, எஸ். எம். சுப்பையாவை அனுப்பியது. தோட்ட மக்கள் தங்கள் கையால் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அந்தத் தேர்தல், அவர்களிற் பெரும்பாலானோருக்கு அடுத்த முப்பது ஆண்டுக் காலத்துக்குக் கடைசித் தேர்தலாயிற்று.

கதவு அடைபட்டது

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் நாடு சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவன் இலங்கைப் பிரஜையெனக் கொள்ளப்படுவதற்கு அவனுடைய தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாட்டன் பிறந்த பதிவை லயத்துக் காம்பிராவில் எவர் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தார்? 1949ஆம் ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், குறித்த காலம் இடையறாது வசித்தமையை நிரூபித்தோர் விண்ணப்பிக்கலாமென்றது. அதே ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம், பிரஜைகளல்லாதோரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. இவ்விதமாக, அக்காலத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த ஒரு மக்கட் கூட்டத்தின் பெரும்பகுதி மூன்று சட்டங்களினால் நாடற்றதாயிற்று.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பம் செய்வதைப் பகிஷ்கரித்தது. காலக்கெடு நெருங்கிய பின்னரே விண்ணப்பிக்கும்படி மக்களைத் தூண்டிற்று. அப்பகிஷ்காரத்தினால் அருமையான காலம் வீணாயிற்று என்று கூறுவோர் கூற்றைத் தள்ளிவிட முடியாது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டும், பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. 1952ஆம் ஆண்டு, வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்துக் காங்கிரசார் கொழும்பிலே நூறு நாட்களுக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் செய்தனர். காந்தியடிகள் காட்டிய வழி அது. சட்டம் அசையவில்லை. அவ்வாண்டுத் தேர்தலின் பின் பாராளுமன்றத்தில் காங்கிரசின் பிரதிநிதி ஒருவர்தானும் இலர்.

சந்தாவே வாக்கு

இங்கேதான் நமது வினாவுக்கு உரிய முதல் விடை கிடைக்கிறது. வாக்கு இல்லாத மக்கள் தமது விருப்பத்தை எவ்வாறு தெரிவிப்பது? அவர்களுக்கு எஞ்சியது தொழிற்சங்கம் ஒன்றே. 1950ஆம் ஆண்டில் காங்கிரசின் தொழிற்சங்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. மாதந்தோறும் செலுத்தும் சந்தாப் பணமே வாக்குச் சீட்டாயிற்று. தோட்டத் தலைவரே ஊர்ப் பிரதிநிதியானார். மாவட்டக் காரியாலயமே கச்சேரியும் நீதிமன்றமுமாயிற்று. பேர்ச்சீட்டில் சம்பளம் குறைந்தாலும், பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையென்றாலும், கணக்கப்பிள்ளையோடு பிணக்கு என்றாலும், பதுளைக்குச் சென்று காங்கிரஸ் காரியாலயத்து வாங்கிலே காத்திருப்பதல்லாமல் வேறு வழியில்லை. என் பாட்டனார் தம் சந்தாத் துண்டுகளைச் சாமிப் படத்துக்குப் பின்னாலே நூலிற் கோத்து வைத்திருந்தாரென்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாக்காளர் இடாப்பில் ஏறாத அவர் பெயர் ஏறியிருந்த ஒரே புத்தகம் சங்கப் புத்தகந்தான்.

அன்பர்களே, வாக்குக்கும் சந்தாவுக்கும் ஒரு பெரும் பேதம் உண்டு. வாக்குரிமை உடைய மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் பிரதிநிதியை நிறுத்துப் பார்த்து, வேண்டாவிடில் வேறொருவரை நாடலாம். சந்தாக் கட்டும் மக்களோ சங்கம் மாறலாமேயன்றி, சட்டசபைக்குத் தமக்காக யார் செல்வது என்பதைத் தீர்மானிக்க இயலாது. 1956ஆம் ஆண்டளவில் அப்துல் அஸீஸ் பிரிந்து சென்று ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தபோது, அவ்வாறு சங்கம் மாறியோர் பலர். ஆயினும் அரசாங்கம் தோட்ட மக்களின் பெயரால் எவரோடாவது பேசவேண்டியிருந்தபோது, பெரிய சங்கத்தின் தலைவரை அழைத்துப் பேசிற்று. 1960ஆம் ஆண்டிலும் 1965ஆம் ஆண்டிலும் தொண்டமான் பாராளுமன்றத்துக்குச் சென்றது நியமன அங்கத்தவராகவே. மக்கள் அனுப்பிச் சென்ற பாதை மூடப்பட்டு, பிரதமர் அழைத்துச் செல்லும் பாதை மட்டுமே திறந்திருந்தது. அப்பாதையில் ஒருவர் மட்டுமே நடக்க முடிந்தது. ஒரு மக்களின் தலைமை ஒரே மனிதரிடம் முப்பதாண்டு தங்கியமைக்குக் காரணம் அவருடைய திறமை மட்டுமன்று. அம்மக்களின் வாக்கைப் பறித்த சட்டமுமாகும்.

கடதாசியில் பிரிக்கப்பட்ட மக்கள்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். 9,75,000 பேரென மதிக்கப்பட்ட நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் எழுதப்பட்டது. 1974ஆம் ஆண்டில் அவ்வெச்சத்தையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. சம்பந்தப்பட்ட மக்களையோ அவர்தம் சங்கங்களையோ கலவாது செய்யப்பட்ட ஒப்பந்தம் இதுவெனத் தொண்டமான் கண்டித்தார். நியமன அங்கத்தவராக அங்கே இருந்தும் அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. வாக்கில்லாதோரின் தலைவருக்கு இருந்த வலிமையின் எல்லை எதுவென்பதை அந்நாள் காட்டிற்று.

அதன்பின் நடந்தவற்றை நமது பெரியோர் நேரிற் கண்டவர்கள். எல்லயிலும் தெமோதரையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போனவர்கள் எத்தனை குடும்பங்கள்! ஒரே வீட்டில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்ற நிலை உண்டாயிற்று. அந்த வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். இன்று உல்லாசப் பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தருகே நின்று படம்பிடிக்கும் அதே பாதையிலேதான் அந்தக் கோச்சி சென்றது.

1972ஆம் ஆண்டு செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் தொண்டமானும் தமிழர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவரானார். ஆயினும் 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே தனிநாட்டுத் தீர்மானம் எழுந்தபோது, சிங்கள மக்களிடையே சிதறிவாழும் மலையக மக்களுக்கு அது பொருந்தாதெனக் கண்டு, அதிலிருந்து விலகி நின்றார். இடையிலே 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பசியால் மடிந்தோர் பலர். 1977ஆம் ஆண்டு மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிறருக்குப் பங்கிடுவதை எதிர்த்த டெவன் தோட்டத்துத் தொழிலாளி சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

மந்திரி பதவியும் பிரார்த்தனையும்

அதே 1977ஆம் ஆண்டு யூலையில், மும்முனை அங்கத்துவத் தொகுதியாகிய நுவரெலியா–மஸ்கெலியாவில் தொண்டமான் மூன்றாவது அங்கத்தவராகத் தெரிவானார். முப்பது ஆண்டுகளின் பின் மக்களின் வாக்கால் அவர் பாராளுமன்றம் புகுந்தார். 1978ஆம் ஆண்டில் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் மந்திரிசபையிற் சேர்ந்தார். அன்று தொடங்கி, ஆட்சிகள் மாறியும் தம் மறைவு வரை அவர் மந்திரியாகவே இருந்தார். ஆளுங்கட்சி எதுவாயினும் அதனோடு இருப்பது அவர் வகுத்த வழி. அதனைச் சந்தர்ப்பவாதம் என்றனர் சிலர். எண்ணிக்கையிற் சிறிய மக்களுக்கு வேறு வழி யாது எனக் கேட்டனர் வேறு சிலர்.

அவ்வழியின் வரவு செலவு இரண்டையும் நாம் காணலாம். 1983ஆம் ஆண்டு யூலையிலே, அவர் மந்திரியாயிருந்தபோதே, பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. மந்திரிப் பதவி அத்தீயைத் தடுக்கவில்லை. அவர் பதவியைத் துறக்கவுமில்லை. மறு ஆண்டிலே, மந்திரியாக இருந்துகொண்டே தம் தொழிலாளரைப் பெரும் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். அதன் பயனாகச் சம்பளம் உயர்ந்ததோடு, தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாயிற்று. நூறாண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்து வந்த நம் தாய்மாருக்குக் கிடைத்த முதல் நீதி அது எனலாம்.

1986ஆம் ஆண்டு தைப்பொங்கலையொட்டி அவர் தொடங்கியது பிரார்த்தனை இயக்கம். தொழிலாளர் காலை வேளையில் மலைக்கு ஏறாமல் கோயில்களிலே கூடி, நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வேண்டித் தெய்வத்தை வழிபட்டனர். வேலைநிறுத்தமென்று சொன்னால் சட்டம் குறுக்கிடும். வழிபாட்டை யார் தடுப்பார்? இந்தியாவும் இலங்கையும் தள்ளி வைத்திருந்த நாடற்றோரின் சிக்கல், சில வாரங்களுள் அரசாங்கத்தைப் பேச்சுமேசைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டும் 1988ஆம் ஆண்டும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. 1948இல் அடைபட்ட கதவு நாற்பது ஆண்டுகளின் பின் திறந்தது. மண்டபத்தில் முதியவர் சொன்ன ஐடென்டி கார்டின் வரலாறு இதுவே. அவர் சொன்னது மிகையன்று.

1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், தமது 86ஆவது வயதில் தொண்டமான் காலமானார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாளிலே, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர் மறைந்தார்.

வழிவந்தோர்

அவர் மறைந்தபின் காங்கிரசின் தலைமை, 1994ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றம் சென்றிருந்த பேரனார் ஆறுமுகன் தொண்டமானுக்குச் சென்றது. அவரும் பாட்டனாரைப் போலவே பல அரசாங்கங்களில் மந்திரியாக விளங்கி, 2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டுத் தேர்தலில் அவருடைய மைந்தர் ஜீவன் தொண்டமான் நுவரெலியா மாவட்டத்தில் வெற்றிபெற்று, 2023ஆம் ஆண்டில் மந்திரியானார். 2024ஆம் ஆண்டிலும் நுவரெலியா அவரைத் தெரிவுசெய்தது.

நமது ஊவாவிலும் இக்குடும்பத்தின் கிளையொன்று ஊன்றியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் உண்டான மாகாண சபை முறையிலே, செந்தில் தொண்டமான் ஊவா மாகாண சபை அங்கத்தவராகவும் மாகாண மந்திரியாகவும் விளங்கி, பதில் முதலமைச்சராகவும் கடமையாற்றினார். தோட்டத்துத் தமிழர் ஒருவர் பதுளையிலே அவ்வாசனத்தில் அமர்ந்தது சிறு நிகழ்ச்சியன்று. பின்னர் அவர் காங்கிரசின் தலைவராகி, 2023 முதல் 2024 வரை கிழக்கு மாகாண ஆளுநராகவும் இருந்தார். ஊவா மாகாண சபையின் ஆயுள் 2019ஆம் ஆண்டில் முடிவுற்றது; அதன்பின் பல்லாண்டாகத் தேர்தல் நடைபெறவில்லை.

குடும்பத் தலைமை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. இந்நாட்டில் டி. எஸ். சேனநாயக்கவுக்குப் பின் மகன் டட்லி பிரதமரானார். பண்டாரநாயக்கவுக்குப் பின் துணைவியாரும், அவருக்குப் பின் புதல்வி சந்திரிகாவும் நாட்டை ஆண்டனர். பாரதத்திலே நேரு, மகள் இந்திரா, பேரன் ராஜீவ் எனத் தலைமை தொடர்ந்தது. ஆயினும் அவர்களை ஏற்பதோ மறுப்பதோ அந்நாட்டு மக்களின் கையில் இருந்தது. இந்திரா காந்தியை 1977ஆம் ஆண்டில் தோற்கடித்து, 1980இல் மீண்டும் அழைத்த வாக்காளர் அவர்கள். நம் பாட்டன்மாருக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. அவர்கள் தொண்டமானைத் தெரிந்தெடுத்தார்கள் என்பதிலும், அவரைவிட்டால் வேறு வழியின்றி அவரைப் பற்றிக்கொண்டார்கள் என்பதே பொருந்தும். பற்றுக்கோடாக இருந்தவர் கைவிடாமையினால் அது பக்தியாயிற்று. பக்தி பேரப்பிள்ளைகள் வரை நீண்டது.

இப்பொழுது நமக்கு வாக்கு உண்டு. வாக்கு வந்தபின் மரபுரிமையாக வந்த தலைமையும் மக்கள் முன் நின்று விடை கூறவேண்டியதாயிற்று. 2020ஆம் ஆண்டில் பதுளை மாவட்டத்தில் போட்டியிட்ட செந்தில் தொண்டமான் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில், பதுளை மாவட்டம் கிட்ணன் செல்வராஜையும் அம்பிகா சாமுவேலையும் அனுப்பியது. இருவரும் தொண்டமான் குடும்பத்தவரல்லர். பின்னவர் மலையகப் பெண்மணி. அதே தேர்தலில் நுவரெலியா மக்கள் ஜீவன் தொண்டமானைத் தெரிந்தனர். ஓரிடத்தில் ஏற்கவும் மற்றோரிடத்தில் மறுக்கவும் மக்களால் முடிந்தது. வெவஸ்ஸ தோட்டத்தார் 1940ஆம் ஆண்டில் தம் குழுவைத் தாமே தெரிந்தெடுத்தார்களே, அந்த ஆற்றல் மறைந்து கிடந்து மீண்டும் வெளிப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. எவர் வென்றார், எவர் தோற்றார் என்பதினும் இதுவே பெரிது. இவ்வுரிமையைத் தேடித் தந்தவர்களுள் முதல்வர் சௌமியமூர்த்தி தொண்டமான் என்பதை மறந்து, அவ்வுரிமையாலேயே அவரை இகழ்தல் தகாது. அவர் தேடித் தந்தாரென்பதற்காக அவ்வுரிமையை ஒரு குடும்பத்துக்கே அடகு வைத்தலும் தகாது.

வாலிபர்க்கு ஒரு சொல்

பிரஜாவுரிமை வந்தும் நம்மிற் பெரும்பாலோர் குடியிருக்கும் காணிக்கு உறுதி இல்லை. லயத்துக் காம்பிராவுக்கு வேலியும் நமதன்று, முகவரியும் நமதன்று. ஆறுமுகன் தொண்டமானின் காலத்தில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தொடங்கிய கோரிக்கை, அவர் மறைந்தபின் 2021ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. அதற்குள் அரிசியின் விலையும் மாவின் விலையும் எங்கோ சென்றுவிட்டன. ஆகவே அடுத்த முறை வாக்குக் கேட்டு எவர் நமது தோட்டத்துக்கு வந்தாலும், அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதன் முன், காணிக்கும் சம்பளத்துக்கும் பாடசாலைக்கும் என்ன செய்தீர், என்ன செய்வீர் என்று கேட்போம். பெரிய வீட்டுப் பிள்ளை தக்க விடை கூறுவாராயின் அவரையே தெரிவோம். லயத்துப் பிள்ளை கூறுவாராயின் அவரைத் தெரிவோம். விடை கூறாதவர் எவராயினும் வணக்கம் கூறி அனுப்பி வைப்போம்.

படத்தைப்பற்றிய வழக்கு என்னவாயிற்று என்று வாசகர் கேட்கக்கூடும். மேற்கூறியவற்றைச் சங்கக் கூட்டத்திலே நான் படித்துக் காட்டியபோது, கேள்வி கேட்ட வாலிபரே எழுந்து, படத்தைத் தம் கையாலேயே மாட்டுவதாகக் கூறினார். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும் என்றார்: படத்தின்கீழே பெயரோடு மட்டும் நில்லாது, 1948, 1964, 1988 என்ற மூன்று ஆண்டுகளையும் அவற்றில் நிகழ்ந்தவற்றையும் ஒவ்வொரு வரியில் எழுதி ஒட்டவேண்டும். வருகின்ற சிறுவர்கள் மனிதரை மட்டும் வணங்கிச் செல்லாமல், நம் மக்கள் இழந்ததும் பெற்றதும் எப்பொழுது என்பதையும் படித்துச் செல்லவேண்டும் என்பது அவர் கருத்து. வெளியேறிச் சென்ற முதியவரும் அன்று வந்திருந்தார். "எழுதுங்க தம்பி, எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும், எனக்குக் கண்ணு தெரியல" என்றார் அவர்.

படம் மீண்டும் சுவரிலே இருக்கிறது. எழுத்தும் பெரிதாகவே எழுதப்பட்டிருக்கிறது. மண்டபத்துக்கு வரும் அன்பர்கள் ஒருகணம் நின்று அதனைப் படிப்பார்களாக.